ஈரம் காயாத மூலை

மண்வெட்டியும் கூடையுமாகப் பின்வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டுக் கோமளாவுக்கு நம்பவே முடியவில்லை. "எல்லாப் பெரணியையும் எடுத்துக்கச் சொல்லி அனுப்பிச்சீங்களாமே, நெசமாவாக்கா? ஒரு கன்னு கேட்டதுக்கே வேர அசைச்சா செத்துடும்னு சொல்வீங்க!"

"எடுத்துக்க" என்றாள் ரஹமத் பீவி.

குளியலறைத் தண்ணீர் வந்து பாய்கிற மூலையில் பெரணிகள் இடுப்புயரம் தழைத்திருந்தன. ஓசூர்க் கம்பெனி ஒன்றில் முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்ட கணவரை அவள் இரண்டு வேளையும் குளிப்பாட்டுவாள். அந்த மூலையில் ஈரம் காய்ந்ததே இல்லை.

"எங்க வீட்டுல எவ்ளோ ஊத்தினாலும் கருகுது. அண்ணன் தூங்கறாரா?"

"இன்னும் குளிப்பாட்டல."

"நீங்க போய்க் குளிப்பாட்டுங்கக்கா. நான் மெதுவா தோண்டிக்கறேன்."

"சீக்கிரம் தோண்டு கோமளா. அங்க குழி வெட்டணும்."

"குழியா? எதுக்கு?"

பீவி ஒரு பெரணி இலையை நீவிவிட்டாள்.

"எறந்தவங்க மய்யித்தக் குளிப்பாட்டுற தண்ணி கால்ல மிதிபடக் கூடாது. குழியிலதான் விடணும்."

கோமளா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"பள்ளிவாசல்லேருந்து ஆம்பளைங்க வர்றாங்க. இன்னிக்கு நான் குளிப்பாட்ட வேணாமாம்."