வழியனுப்பிய மாலை

"தட்டிடுடா ரோமெல். இன்னும் மூணு பேர் பாக்கி இருக்காங்க, உயிரோட வேணும் நீ."

எலிசியோ அவன் கழுத்தைப் பிடித்த பிடியை விடாமல் காதருகே சொன்னான். ரோமெல் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் மளிகைக் கடைக்கு மேலிருந்த அந்தக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிலிப்பினோக்கள் கூடி ஜியுஜிட்சு மல்யுத்தம் பழகினார்கள். டெலிவரி வேன் ஓட்டும் எலிசியோதான் கற்றுக்கொடுப்பவன். யாராவது அபுதாபியை விட்டுக் கிளம்பினால், கடைசி நாளில் எல்லாரோடும் ஓய்வெடுக்காமல் கட்டிப் புரள வேண்டும். இன்று ரோமெலின் முறை.

போன மாதம் அவன், கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டார்கள், கிளம்புகிறேன் என்றுதான் சொன்னான். அதற்குமேல் அவனைப் பேச விடவில்லை. "நம்மள்ல ஒருத்தன் வீட்டுக்குப் போறான்" என்று எலிசியோ அவனை அப்படியே தூக்கிவிட்டான். பலர் ஊரைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அன்று பயிற்சியே நடக்கவில்லை. பத்தாங்காஸ் கடற்கரை, விடிகாலை மீன் சந்தை, அம்மா வைக்கும் புளிப்பு மீன் குழம்பு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

அடுத்த வாரம், ஊரில் தங்கள் வீடுகளில் கொடுக்கச் சொல்லி ஆளுக்கொரு பார்சல் கொண்டுவந்தார்கள். ரோமெல் ஒன்றையும் வாங்கவில்லை. பெட்டியில் இடமில்லை என்றான். ஊர் மண்ணை மிதிக்கும் முன்பே பெரிய மனுஷனாகிவிட்டான் என்று முகத்துக்கு நேராகவே கேலி பேசினார்கள். அழகு நிலையத்தில் வேலை செய்யும் நெரிசா அக்காவுக்குத்தான் மனது ரொம்ப வருத்தப்பட்டது. அவள் மகன் ரோமெலின் பக்கத்து ஊரில் பாட்டி வீட்டில் வளர்கிறான்.

"பார்சல் வேணாம். அவனை ஒரு தடவை இறுக்கிக் கட்டிப்பிடிச்சு, அம்மா குடுத்துவிட்டான்னு சொல்லு. அதுக்குமா இடமில்ல?" என்றாள்.

ரோமெல் பெல்ட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் குனிந்தே நின்றான். நீயே போய்க் கொடு அக்கா என்று முணுமுணுத்தான். அவள் சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அதன்பின் யாரும் பார்சல் பேச்சை எடுக்கவில்லை.

இன்று கடைசியாக மெத்தைக்கு வந்தவள் நெரிசாதான். அவனைவிட ஒல்லி. ஆனால் மேலே ஏறிப் படுத்துக் கையால் பிணைத்துவிட்டால் நகர முடியாது. பிடித்தவள் ஜெயிக்கவும் முயலவில்லை, விடவும் இல்லை. அவள் மூச்சு அவன் தோளில் பட்டது. மனைவி அமெலிதாவை இப்படி அணைத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. இந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருக்கும் மகள், கடைசியாக அவன் தூக்கியபோது அவன் இடுப்பு உயரம் இருந்தாள். கண்ணில் நீர் வந்தது. வியர்வையோடு போயிற்று. அவன் தட்டவே இல்லை. நேரம் முடிந்தது என்று எலிசியோ கத்தியும் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்கள்.

"கடல்ல முதல் முங்கு எனக்காகப் போடுடா" என்று எலிசியோ விடை கொடுத்தான். விமான நிலையம் வரை வண்டியில் கொண்டு விடுகிறேன் என்றதற்கு ரோமெல் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்சியிலேயே போனான்.

விமானத்தில் ஏறும் வரிசையில் நின்றபோது நெரிசாவின் குரல் பதிவு வந்தது.

"தம்பி, அன்னைக்கு என் பிள்ளை பேரைச் சொன்னதும் உன் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிஞ்சுது. எலிசியோ விசாரிச்சுட்டு வந்து எல்லாருக்கும் சொன்னான். எங்க சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராமத்தான் நீ வாயைத் திறக்கலைன்னு தெரியும், அதான் நாங்களும் கேக்கல. மக படிப்பு முடியட்டும், நீயும் ஒருநாள் வீட்டுக்குப் போவே. அதுவரைக்கும், போலந்துல நீ வேலைக்குப் போற அதே வார்சாவுல வில்மர்னு நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ஜியுஜிட்சு சொல்லித் தரான். ஞாயித்துக்கிழமை நீ வருவேன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்."