முதல் எழுத்து

"மறுபடியும் மூடிக்கிச்சு, அண்ணே!"

மோகனாவின் குரல் உடைந்தது. திரையில் மென்பொருள் ஒரு நொடி முழித்தது. அடுத்த நொடி இருந்த இடம் தெரியவில்லை. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

மழை வெள்ளம் பாகான் டாலாமில் எந்தெந்த வீட்டுக்குள் நுழையும் என்று பெரிய கம்ப்யூட்டர் இரண்டு நாள் ஓடிக் கணக்குப் போட்டு முடித்திருந்தது. அந்தக் கணக்கைப் படமாக்கிக் காட்டத்தான் இந்த மென்பொருள். பத்து மணிக்கு அதிகாரிகள் இந்த ஜார்ஜ் டவுன் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். படம் இல்லையென்றால் இந்த மழைக்கும் தடுப்புச்சுவர் இல்லை. அவள் அம்மாவின் வீடு வாய்க்காலை ஒட்டிய முதல் வரிசையில்.

"நேத்து புது வெர்ஷன் போடுறேன்னு என் கம்ப்யூட்டர நோண்டினது நீங்கதானே?"

"நான் கைய வச்சாலே கெட்டுப்போவுமா? போன வாரத்து ஃபைல தொற பாப்போம்." கணினிப் பிரிவுப் புவனேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அது சமர்த்தாகத் திறந்தது.

"பாத்தியா? வெர்ஷன் மேல தப்பில்லலா. புது ஃபைல என் லேப்டாப்புல போட்டுப் பாக்கலாம்."

போட்டார். அங்கேயும் பட்டென்று மூடிக்கொண்டது.

மோகனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப ஃபைலே செத்துப்போச்சு. திரும்ப ஓட விட்டா ரெண்டு நாளு. பிள்ளையாரே, ஏம்ப்பா என்னை இப்படிச் சோதிக்கிற?"

"சாமிய ஏம்மா இழுக்கிற? அவரு என்ன பண்ணாரு?"

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். பேச்சுக் குரல்கள் மாடிப்படி ஏறின.

புவனேஸ்வரன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "ஏய்..." என்று முனகிக்கொண்டே என்னவோ தட்டினார்.

பாகான் டாலாமின் தெருக்கள் நீலமும் சிவப்புமாகத் திரை முழுக்க விரிந்தன.

"அண்ணே! உங்க மேல போயி பழியப் போட்டேனே, மன்னிச்சிருங்க. என்ன செஞ்சீங்க?"

"ஃபைல் பேருக்கு முன்னாடி ஒத்தை எழுத்து ஒட்டிக்கிட்டு இருந்திச்சு, அழிச்சேன். இந்த சாஃப்ட்வேருக்கு இங்கிலீஷ் எழுத்த விட்டா வேற படிக்கத் தெரியாதுலா. யாரு பாத்த வேலைம்மா இது?"

மோகனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தத் தடங்கலும் வரக்கூடாதென்று நேற்று மாலை கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, அந்தப் பிள்ளையார் சுழியைப் போட்டவளே அவள்தான்.