காய்ச்சல் இல்லாத மாதம்

இவரை நம்பித்தானே தாய்மார்களிடம் வாக்குக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டாள் அங்கன்வாடி டீச்சர் தவமணி. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த சத்துக்குறைபாட்டு ஆய்வாளர் வசுமதி, பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். செங்கல் சூளைக் குடியிருப்பில் நூற்றுக்கு முப்பத்தொரு பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ குறைவு, எல்லோருக்கும் மருந்து வரும் என்று போன மாதம் சொன்னவர் அவர்தான்.

"காய்ச்சல் இருந்தா ரத்தத்துல அந்தச் சத்து குறைஞ்சுதான் தெரியும். அதைக் கழிச்சுப் பார்த்தா ஒன்பதுதான் வருது. அது போதாது, உங்க குடியிருப்பு மருந்து குடுக்குற பட்டியல்ல இல்ல தவமணி."

"காய்ச்சக்காரப் பிள்ளைகளையும் விடாம கூட்டிட்டு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்?"

"சொன்னேன்தான்."

"பொழுது சாஞ்சா கண்ணு தெரியாம சின்னப் பிள்ளை செண்பகா சோத்துத் தட்டைத் தடவித் தேடுறா."

"அவளுக்கு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரேன். மத்த பிள்ளைகளுக்கு, காய்ச்சல் இல்லாத மாசமா பார்த்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துடலாம். நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"அது எந்த மாசம் மேடம்?"

வசுமதி சுவரில் தொங்கிய நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தார். மாதங்கள் எல்லாமே அதில் இருந்தன. வெளியே சூளைப் புகையில் யாரோ ஒரு பிள்ளை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. இவருக்கு அந்தச் சத்தம் கேட்கிறதா, அதையும் கழித்துவிட்டுத்தான் கேட்கிறாரா என்று தவமணிக்குத் தோன்றியது.

வசுமதி பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் பாயில் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"நான் யாரையும் கூப்பிடப் போறதில்ல மேடம்" என்றாள் தவமணி, குரலை உயர்த்தாமல். பிறகு இருமுகிற பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.