இதில் எது றஸ்னா?

“ரெண்டையும் கொண்டுவந்தியா புள்ள? ஒண்டு நீ எழுதினது, மத்தது ஏ.ஐ. எழுதினது. எது எதெண்டு ஒரு நிமிஷத்துல சொல்லிப்போடுவன்” என்றார் மர்ஷூதா டீச்சர்.

உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கும் டீச்சருக்கு முந்தாநாள் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வலயக் கட்டுரைப் போட்டிக்குக் கொடுத்திருந்த றஸ்னாவின் பெயரை அன்றுதான் அவர் வெட்டினார். ஏ.ஐ. பாவிப்பதாக றஸ்னாவே வாயைத் திறந்து சொன்னதுதான் காரணம். கல்முனையில் போன் வைத்திருக்கும் எந்தப் பிள்ளைதான் அந்தப் பக்கம் போகவில்லை? உண்மையைச் சொன்னவள் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

“எழுதுறது நான்தான் டீச்சர். எழுதி முடிச்சிட்டு, எந்த இடம் விளங்கல்லண்டு அதுக்கிட்ட கேப்பன். அது என்னைக் கேள்வி கேக்கும். நான் திருத்துவன்” என்றாள் றஸ்னா இன்றும் அசையாமல்.

“பிடிபட்ட எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கிற. அது எழுதினா எனக்கு வாசத்துலயே தெரியும்.”

“அப்ப கண்டுபிடிங்க டீச்சர். பிழைச்சா என்ட பேர திருப்பிப் போடணும்.”

“போடுறன். நான் சரியாச் சொன்னா, போட்டி எண்டு நீ இனி வாயத் திறக்கப்படாது.”

வகுப்பு மொத்தமும் கதிரையை முன்னே இழுத்துக்கொண்டது. இரண்டு தாளிலும் றஸ்னாவின் கையெழுத்துத்தான். தலைப்பும் ஒன்றுதான்: ‘எங்கள் வீட்டுக் கல்யாணம்’.

டீச்சர் முதல் தாளைச் சத்தமாக வாசித்தார். மூத்த மகளுக்கென்று வாப்பா பாடுபட்டுக் கட்டிய கல்வீடு. பெயின்ட் மணம் போகாத அறைக்கு மாப்பிள்ளை சூட்கேசோடு வந்து சேருகிறார். வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்வளவுச் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள்.

“மாஷா அல்லாஹ்! இத எழுத இந்த மண்ணுல பிறந்திரிக்கணும்.”

இரண்டாவது தாளில், கல்யாணம் முடிந்த பின்னேரம், கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். பிறகு மாப்பிள்ளையோடு வேனில் ஏறி அக்கரைப்பற்றிலுள்ள அவர் வீட்டுக்கே போய்விடுகிறாள். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அல்லாஹ்வே! நம்ம ஊருல எந்தப் பொண்ணு கல்யாணம் முடிச்சி வீட்ட விட்டுப் போற? மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வாற! எங்கயோ நடக்கிறத எடுத்து நம்மட தலையில கட்டுது பாருங்க.”

“எங்கட ஆக்களும் அப்பிடித்தான் டீச்சர். மாப்பிள்ளைதான் வருவார்” என்றாள் காரைதீவிலிருந்து வரும் சுஜித்தா.

வகுப்பே சிரித்தது. றஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. தோற்றுப்போன கவலையாக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டீச்சருக்கு உற்சாகம் கூடிவிட்டது. “நல்லாக் கேட்டுக்கங்க. கோடிக்கணக்கான பக்கத்தப் படிச்சி வெச்சிக்கிட்டு, இதுக்குப் பிறகு எந்தச் சொல்லு வரும் எண்டு பாத்துப் பாத்து அடுக்குறதுதான் அதுட வேல. ஊருல பொதுவா நடக்கிறத வெச்சி எதையும் எழுதிப்போடும். ஒரு வீட்டுக்குள்ள நடந்தத அந்த வீட்டுப் புள்ளதான் எழுதேலும். முதலாவதுதான் நீ, ரெண்டாவது ஏ.ஐ. சரிதானே? சொல்லு புள்ள!”

றஸ்னா எழுந்து நின்றாள். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தாள். பெயர் திரும்ப வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

“இல்ல டீச்சர். கல்முனைக் கல்யாணம் எண்டு மட்டுந்தான் சொன்னன், முதலாவத முழுசா ஏ.ஐ.தான் எழுதிச்சு. ரெண்டாவதுதான் என்ட. நாங்க இரிக்கிறதே வாடக வீடு டீச்சர், ராத்தாவுக்குக் குடுக்க வாப்பாக்கிட்ட வீடில்ல. வீடு வேணாம், பொண்ணு போதும் எண்டு மச்சான்தான் வந்து கூட்டிப் போனார்.”