படிக்குப் படி குங்குமம்

சாமுண்டி மலையின் ஏழெட்டுப் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்ததுமே கனகா நிமிர்ந்தாள். தட்டைத் தூக்கி நாத்தனார் ராமக்காளின் கையில் கொடுத்தாள்.

“மீதிக்கு நீங்க வையுங்க நங்கையா. வேண்டிக்கிட்டது நீங்கதானுங்களே.”

ராமக்காளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் குனிந்து குனிந்து ஆயிரம் படிக்கும் வைக்க வேண்டும், அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்றுதானே கொள்ளேகாலிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தாள்!

கனகாவுக்கு இரண்டு வருஷமாக உடம்பு முழுக்க வலி. ரத்தத்தில் தெரியவில்லை, எக்ஸ்ரேயில் தெரியவில்லை. ‘வேலைக்கள்ளி’ என்று ராமக்காள் குண்டலுபேட்டை வரைக்கும் தமுக்கடித்தாள். அவள் தம்பி விஜய்குமார், அதாவது கனகாவின் புருஷன், அக்கா வாக்கே வேதவாக்கு என்று இருந்தான்.

போன மாதம்தான் ஒரு டாக்டர் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். தினமும் கொஞ்சம் நட, வலி எட்டிப் பார்க்கும் முன்னே நிறுத்திக்கொள் என்றார்.

நிறுத்திக்கொண்டாள்.

ராமக்காள் தட்டைக் கீழே வைக்கப் பார்த்தாள். பாதியில் விட்டால் தாயி சும்மா விடமாட்டாள் என்று கனகா கன்னடத்தில், மைசூருக்கே கேட்கும்படி சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ராமக்காள் குனிந்தாள்.

கனகா ஆட்டோ பிடித்து மேலே போனாள்.

ராமக்காள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது உலகத்துக்கே ஒரு வயது கூடியிருந்தது. ஆள் இரண்டாக மடிந்திருந்தாள். மூக்கில் மஞ்சள், தலைமுடியில் குங்குமம். குரங்குகளே பயந்து வழிவிட்டன.

“உடம்பு பூரா வலிக்குதுடா தம்பி, எங்கேன்னு சொல்லத் தெரியல!”

அவர்களைக் கூட்டிப்போகக் கார் கொண்டுவந்து, அதில் சாய்ந்து நின்ற விஜய்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். “ஏன் கனகா, நெசமாவா வலிக்குது இவளுக்கு?”

ராமக்காளும் அவளைத்தான் பார்த்தாள். கண் கெஞ்சியது.

அந்த மலையில் ராமக்காளின் வலியை முழுசாக நம்பிய ஒரே ஜீவன் கனகாதான். எலும்பு எலும்பாக நம்பினாள். இப்போது எங்கே குத்துகிறது, நாளைக் காலையில் எங்கே பிடிக்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

மேலே வாங்கிவைத்திருந்த பொட்டலத்திலிருந்து சுருமுரிப் பொரியை ஒரு பிடி அள்ளி, வாய் நிறையப் போட்டுக்கொண்டாள்.