ஊதாத சைரன்

"மேடம், இன்னும் ஏன் சைரன் வூதல? அங்க ஜீப்பு நிக்குது!"

கம்ப்யூட்டர் அறைக் கதவை முட்டித் திறந்து ஓடிவந்தான் ராஜவேலு. ஜவ்வாது மலை வானாய்வு நிலையத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள்.

மெஷின் எதிரே இருந்த செந்தாமரை திரும்பவில்லை. "நாலு மணியானா இந்த மெஷினே வூத வெக்கும். போங்க."

"என் வாட்ச்சுல நாலே கால் தாண்டிடுச்சுங்க!"

"மாமனார் வூட்டு வாட்ச்சா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சைரன் கேட்டால்தான் டிரைவர் சடையன் ஜீப்பை எடுப்பான். மலையில் அதுதான் வழக்கம். ஜீப்புக்குள் புளி மூட்டைகளுக்கு நடுவே மேலதிகாரி கோபால்சாமி. ஜோலார்பேட்டையில் ரயிலைப் பிடித்து, விடிந்ததும் மெட்ராஸில் மகள் கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டும். மாப்பிள்ளை நாளைக்கே துபாய்க்குப் பறக்கிறார். மேலதிகாரியை வழியனுப்பும் பொறுப்பு ராஜவேலு தலையில். நேரமாகிறது என்று சொன்னதற்கு, "மெஷின் தப்பாவாய்யா சொல்லும்?" என்று எரிந்து விழுந்தார்.

"மெஷின் லேட்டா ஓடுதுங்க!"

"ஓடும். அதுக்கு மணி தெரியாது, எண்ணத்தான் தெரியும். விநாடிக்கு அம்பது தடவ கரண்டு வந்து தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் செய்யற வேலைய வுட்டுட்டு ஒண்ணு கூட்டிக்கும். இந்த டேப்பைப் படிக்கிறப்ப மட்டும் காதைப் பொத்திக்கும். அப்ப எத்தினி தட்டினாலும் கணக்குல வராது."

ராஜவேலு சுழலும் டேப்பைப் பார்த்தான். "எப்பலேர்ந்து ஓடுது?"

"மத்தியானத்துலேர்ந்து."

"அய்யோ, நிறுத்துங்க! என் வேலை போய்டும்!"

"அவசர வேலைங்க. பாதியில நிறுத்தக் கூடாது."

சைரனைக் கையால் ஊதவைக்கும் பொத்தான் எங்கே என்று அவன் சுவரெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார் கோபால்சாமி.

"நாலரை மணி பஸ்ஸே மேல வந்துடுச்சேய்யா! இனிமே பறந்தாலும் ரயில் கெடைக்காது!"

"சார், நான் இல்ல சார்... இந்த டேப்புதான்..."

"இன்னா டேப்பு? இன்னிக்கு ஓட்டச் சொல்லி நான் எதுவும் குடுக்கலையே. அதுல இன்னாம்மா இருக்கு?"

செந்தாமரை டேப்பை நிறுத்தினாள். முதல் முறையாக நாற்காலியைத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்ல, வெறும் டேப்பு. அந்த மாப்ள எனக்கு வேணாம்னு ராத்திரி அவ்ளோ அழுதேன், நீங்க கேக்கலையேப்பா!"