ஜன்னலுக்குப் பூட்டு

“முதல்ல அந்த ஜன்னலுக்கு ஒரு பூட்டுப் போடும்மா” என்றார் கிடங்கு மேனேஜர்.

அவர் சொன்னது சுவரில் இருக்கிற ஜன்னலை அல்ல, கம்ப்யூட்டரில் திறக்கிற ஜன்னலை. படம் கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்து மட்டும் ஓடும் சரக்கு புரோகிராம் அது. எழுதிக் கொடுத்தவள் அவர் எதிரே நின்ற அந்தப் பெண்தான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

மேனேஜரின் குறையெல்லாம் அதில் சரக்குக் கணக்குப் பார்க்கும் சுருட்டை மேல். தலைமுடியைப் பார்த்துக் கிடங்கில் வைத்த பெயர். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. மனுஷர் ஓயாமல் ஜன்னலை இழுக்கிறாராம், எழுத்தை ஊதிப் பெரிதாக்குகிறாராம், மறுபடி சுருக்குகிறாராம். அதில் வரிகள் கலைந்து, ஒருத்தர் பெயருக்கு நேரே இன்னொருத்தர் சரக்கு போய் உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் பேக்கரிக்குப் போக வேண்டிய மாவு மூட்டைகள் துணிக்கடை வாசலில் போய் இறங்கிவிட்டன.

“கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட வேண்டியதுதானே” என்று பொரிந்தார் மேனேஜர். “தப்பு அவன் மேலதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே மூட்டை தூக்க அனுப்பிடறேன்.”

சொல்லிவிட்டால் அவளுக்கும் சௌகரியம்தான். புரோகிராம் மேல் பழி வராது. ஆனாலும் நரைக்கத் தொடங்கிய மனுஷனை மூட்டை தூக்க அனுப்ப மனசு வரவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சுருட்டையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

காலை முழுக்க அவர் பொடிப் பொடி எழுத்தில்தான் வேலை பார்த்தார். கண்ணாடி இல்லை, கண்ணைச் சுருக்கவும் இல்லை. ஜன்னலைத் தொடவே இல்லை.

வராந்தாவில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், சுருட்டையின் கை பறந்தது. ஜன்னல் விரிந்தது, எழுத்து பூசணிக்காயாய் வீங்கியது, வரிகள் கலைந்து கொட்டின. மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடகடவென்று படித்தார், இந்த லாரி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று ஓர் அதட்டல் போட்டார், போய்விட்டார். எழுத்து மறுபடி சுருங்கியது.

ஓஹோ, மேனேஜர் வந்தால் வேலை பார்க்கிற பாவலாவா என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

“எதுக்குண்ணே இப்படிப் பண்றீங்க?”

“பழக்கம்மா. கை சும்மா இருக்காது.”

“உங்களை மூட்டை தூக்க அனுப்பப் போறாராம்.”

சுருட்டையின் முகம் வாடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் தன் மனசாட்சியை ஏமாற்ற முடியவில்லை. ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அவளுடைய புரோகிராம் கேட்பது திறக்கும்போது ஒரே ஒரு தடவைதான். ஒருமுறை எடுத்த அளவை வைத்துக்கொண்டே வருஷமெல்லாம் சட்டை தைக்கும் தையற்காரர் மாதிரி. அளவு மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தோளைத் தட்டிச் சொல்லத்தான் செய்கிறது. அதைக் காதில் வாங்குகிற மாதிரி அவள்தான் எழுதவில்லை. வேலை நேரத்தில் யார் ஜன்னலை இழுத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்.

அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தாள். இனி அளவு மாறினால் புரோகிராம் புது அளவைக் கேட்டு, திரையைத் துடைத்து, முதலிலிருந்து வரையும். இடம் போதவில்லையென்றால் முக்கியமில்லாததை மறைத்துவிட்டு, பெயரையும் சரக்கையும் மட்டும் ஒரே வரியில் நிறுத்தும். முடித்த கையோடு மேனேஜரிடம் போய், தப்பு தன் புரோகிராமில்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

“உனக்கு ரொம்ப இளகின மனசும்மா” என்றார் அவர். “அவனைக் காப்பாத்தி விட்டுட்டே. சரி, போகட்டும்.”

திரும்பி வந்தபோது சுருட்டை ஜன்னலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். ஒரு வரிகூடக் கலையவில்லை. புதுச் சைக்கிள் கிடைத்த பையன் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு. அதைப் பார்க்க அவளுக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

“பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டியாமே தங்கச்சி.”

“உண்மையைத்தாண்ணே சொன்னேன்.”

அவர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு வருகிறேன், அதுவரை இடத்தைப் பார்த்துக்கொள் என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“செருப்புச் சத்தம் கேட்டதும் எழுத்தைப் பெருசாக்கிடும்மா. மேனேஜருக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. அது நமக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது.”